55 இன்ச்சா, 43 இன்ச்சா? ஹாலில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்ற கதை

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த வாரக் கதை ஒரு சண்டையில ஆரம்பிக்குது. இடம், வேளச்சேரி பக்கம் ஒரு டிவி ஷோரூம். நேரம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சண்டை போட்டவங்க, நானும் என் ஹஸ்பண்டும்.

வீட்டில நாங்க ரெண்டு பேரும் நீ, வா, போதான். இங்க மைக் முன்னாடி மட்டும் மரியாதையா ‘அவர்’னு சொல்லிக்கிறேன்.

எங்க வீட்டில் இருப்பது 32 இன்ச். கல்யாணத்துக்கு முன்னாடி அவர் பேச்சிலர் ரூமில் வாங்கிப் போட்டது. எனக்கு 55 வேணும். அவருக்கு 32 போதும், மிஞ்சி மிஞ்சிப் போனால் 43. நான் 55 முன்னாடி நின்று விலை கேட்டேன். சேல்ஸ்மேன் அவரைப் பார்த்துப் பதில் சொன்னார்: “சார், ஃபோர்கே சார், பிக்சர் செமையா இருக்கும் சார்.” அவர், “எனக்கு வேணாம்ங்க, அவங்கதான் கேக்குறாங்க” என்றார். சேல்ஸ்மேன் ஒரு செகண்ட் குழம்பி, என் பக்கம் திரும்பிச் சொன்னது என்ன தெரியுமா? “மேடம், ஃப்ரேம் ரொம்ப மெலிசு. உங்க ஹால் சுவர் கலருக்கு அழகா செட் ஆகும்.”

டிவி வேண்டாம் என்றவருக்குப் படத்தின் தரம். வேண்டும் என்றவளுக்குச் சுவர் கலர். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனேன். அதுதான் இன்னைக்கு எபிசோட்.

மரப்பெட்டிக்குள் ஒரு விருந்தாளி

முதலில் அமெரிக்கா. ஏன்னா, ‘வீட்டு ஹாலில் டிவியை எங்கே வைப்பது’ என்ற கேள்வி பெரிய அளவில் முதலில் எழுந்த இடங்களில் அது ஒன்று. 1946ல் ஆர்சிஏ கம்பெனி 630-டிஎஸ் என்ற மாடலைக் கொண்டு வந்தது. போருக்குப் பிறகு நிறைய விற்ற முதல் செட்களில் ஒன்று. அதன் திரை 10 இன்ச்தான். இன்னைக்குச் சில டேப்லெட்டுகளே அதைவிடப் பெருசு.

1950ல் அங்கே பத்து வீட்டுக்கு ஒரு டிவி கூட இல்லை. 1960ல் பத்தில் எட்டு வீட்டுக்கு மேல் வந்துவிட்டது. பத்தே வருஷத்தில் ஒரு பெரிய பெட்டி எல்லோர் ஹாலுக்குள்ளும் நுழைகிறது. அதற்கு இடம் பிடிக்கணும் இல்லையா?

லின் ஸ்பிகல் என்ற ஆய்வாளர் அந்தக் காலத்துப் பெண்கள் பத்திரிகைகளையும் வீட்டு அலங்காரப் பத்திரிகைகளையும் படித்து, 1992ல் ‘மேக் ரூம் ஃபார் டிவி’ என்று ஒரு புத்தகம் எழுதினார். அந்தப் பக்கங்கள் முழுக்க இதே பேச்சு. டிவியை எந்த மூலையில் வைப்பது, சோபாவை எப்படித் திருப்புவது, விருந்தாளி வந்தால் எப்படி மறைப்பது, கதவு வைத்த அலமாரிக்குள் ஒளித்து வைக்கலாமா? கேட்கப்பட்டதெல்லாம் மனைவியிடம். ஆனால் என்னவாகக் கேட்டார்கள் என்பதைக் கவனிங்க. வீட்டைப் பார்த்துக்கொள்பவராக. தூசி தட்டுபவராக.

கணவன் மனைவி சண்டையும் அப்போதே இருந்தது. 1954ல் டுமாண்ட் கம்பெனி ‘டுவோஸ்கோப்’ என்று ஒன்றைக் காட்டியது. ஒரே பெட்டியில் இரண்டு படக்குழாய்கள். ஆளுக்கு ஒரு போலராய்டு கண்ணாடி மாட்டிக்கொண்டால், ஒரே சோபாவில் உட்கார்ந்து ஆளுக்கொரு நிகழ்ச்சி பார்க்கலாம். சத்தத்துக்குத் தனித்தனி காதுக்கருவி. பக்கத்துப் பக்கத்தில் இருப்பார்கள், சேர்ந்து இருக்க மாட்டார்கள். அது சந்தையைப் பிடிக்கவில்லை. அதைவிட எளிதான வழியை ஜனங்களே கண்டுபிடித்தார்கள்: இரண்டாவது டிவி.

இன்னொரு துண்டுத் தகவல். டிவியை ஏன் மூலைக்கு மூலை குறுக்காக அளக்கிறோம்? ஆரம்ப காலப் படக்குழாய்களின் முகம் வட்டமாக இருந்தது. வட்டத்துக்கு விட்டம்தானே அளவு. குழாய் சதுரமான பிறகும் அந்தப் பழக்கம் குறுக்களவாகத் தங்கிவிட்டது. இதனால் நம்ம கண்ணை இன்ச் நல்லா ஏமாற்றும். 32லிருந்து 55 என்றால் 23 இன்ச்தானே கூடுது என்று தோன்றும். பரப்பளவில் கிட்டத்தட்ட 3 மடங்கு. ஆக, ஷோரூமில் என் ஹஸ்பண்ட் பயந்ததில் கணக்குப்படி நியாயம் இருந்தது.

மனைவி சம்மதிப்பாரா?

1980களில் அமெரிக்க ஹை-ஃபை வட்டாரத்தில் ஒரு வார்த்தை புழக்கத்துக்கு வந்தது: ‘ஒய்ஃப் அக்செப்டன்ஸ் ஃபேக்டர்’. ஒரு பெரிய ஸ்பீக்கரை வீட்டுக்குள் கொண்டு வர மனைவி எவ்வளவு தூரம் ஒத்துக்கொள்வார் என்பதற்குக் கிண்டலாக வைத்த அளவுகோல். பிறகு அதுவே பெரிய டிவிக்கும் ஒட்டிக்கொண்டது. ஆண் என்றால் பெருசு கேட்பான், பெண் என்றால் தடுப்பாள் என்ற கணக்கு அந்த வார்த்தைக்குள்ளேயே இருக்கு. தடுப்பதற்குக் காரணமும் அவர்களே எழுதி வைத்துவிட்டார்கள்: அழகா இல்லை, இடத்தை அடைக்குது. அவளுக்கும் பார்க்க ஆசை இருக்குமே என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை.

அதே பத்தாண்டில், டேவிட் மார்லி என்ற ஆய்வாளர் லண்டனில் வேறு மாதிரி யோசித்தார். தெற்கு லண்டனில் 18 குடும்பங்களின் வீட்டுக்குப் போய், டிவியை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். ஆண்கள் அமைதியாக, இடைவெளி இல்லாமல் பார்க்க விரும்பினார்கள். பெண்கள் வேலை செய்துகொண்டே, பேசிக்கொண்டே பார்த்தார்கள். கவனமாக உட்கார்ந்து பார்த்தால் பலருக்குக் குற்ற உணர்ச்சி வந்தது. ரிமோட் பெரும்பாலும் அப்பாவின் நாற்காலிக் கைப்பிடியில்.

காரணம் ரொம்ப எளிமை. வெளியே போய் வேலை பார்த்தவருக்கு வீடு ஓய்வெடுக்கும் இடம். வீட்டிலேயே வேலை பார்த்தவருக்கு அது வேலை செய்யும் இடம். ஒரே ஹால், ஒரே டிவி. ஆனால் ஒருவர் ஷிஃப்ட் முடிந்து உட்கார்ந்திருக்கிறார், இன்னொருவருக்கு ஷிஃப்ட் முடியவில்லை. இதைப் படித்தபோது எனக்கு லண்டன் ஞாபகம் வரவில்லை. சேலத்தில் எங்க வீட்டு ஹால்தான் ஞாபகம் வந்தது.

சீராக வந்த கலர் டிவி

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இந்தியாவில் டிவி 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் சோதனை ஒளிபரப்பாக ஆரம்பித்தது. சென்னைக்கு வர 16 வருஷம் ஆனது: 1975 ஆகஸ்ட் 15. கறுப்பு வெள்ளை, மாலை நேரத்தில் கொஞ்ச நேரம். டிவி வைத்திருந்தால் போஸ்ட் ஆபீஸில் வருஷா வருஷம் லைசன்ஸ் கட்டணும். 80களின் நடுவில்தான் அது ஒழிந்தது.

சென்னையிலேயே தயாரான சாலிடேர், டயனோரா செட்டுகள் உங்க தாத்தா பாட்டிக்கு நல்லா தெரிந்திருக்கும். சிலதில் இழுத்து மூடும் மர ஷட்டர் இருக்கும். பூட்டு கூட இருக்கும். அமெரிக்காவில் அலங்காரத்துக்காகக் கதவு வைத்தார்கள். நம்ம ஊரில் பரீட்சைக்காகப் பூட்டினார்கள். ஷட்டர் இல்லாத டிவிக்குத் துணியில் உறை தைத்துப் போடுவது, மேலே பொம்மை வைப்பது, ஸ்டேபிலைசரைத் துடைப்பது எல்லாம் அம்மாக்கள் வேலை.

வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒளியும்’ நேரத்தில் தெருவே அந்த ஒரு வீட்டில் கூடும். 1982ல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டிக் கலர் வந்தது. 1987ல் ஞாயிறு காலை ராமாயணம். வந்தவங்க தரையில் உட்கார்ந்து பார்க்க, அந்த வீட்டுப் பெண் தண்ணீர் கொடுத்து, குழந்தைகளை நகர்த்தி உட்கார வைத்து, எல்லோரும் போன பிறகு ஹாலைப் பெருக்குவார். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் எவ்வளவு பார்த்திருப்பார்?

இந்தச் சமயத்தில் கலர் டிவி கல்யாணச் சீர்ப் பட்டியலுக்குள்ளும் நுழைந்துவிட்டது. பீரோ, கட்டில், மிக்ஸி, கிரைண்டர், டிவி. 1989ல் என் அம்மா கல்யாணத்துக்கு என் தாத்தா ஒரு 20 இன்ச் கலர் டிவி வாங்கிக் கொடுத்தார். கடன் வாங்கித்தான். அப்பா வீட்டில் அதுக்கு முன்னாடி டிவியே கிடையாது. ஆக, பணம் அம்மா வீட்டுப் பணம். ஆனால் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது ‘அப்பா டிவி’.

அப்பாவின் பிரம்பு நாற்காலி டிவியிலிருந்து 5 அடியில். அம்மா உட்காருவது சமையலறை நிலைப்படி ஓரமாகத் தரையில், சுமார் 12 அடி தள்ளி. குக்கர் விசில் வந்தால் எழுந்திருக்க வசதி. 1993ல் சன் டிவி வந்தது. 1999 கடைசியில் ‘சித்தி’ சீரியல் ஆரம்பித்தது. அதுக்காக அம்மா முன்கூட்டியே தோசையெல்லாம் சுட்டு அடுக்கி வைத்துவிடுவார். அப்பா நியூஸைத் தியாகம் செய்வார். எங்க வீட்டில் அது பெரிய புரட்சி. ஆனால் அப்போதும் அம்மா உட்கார்ந்தது அதே நிலைப்படியில்தான்.

இந்த எபிசோடுக்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 இன்ச் டிவியின் அகலம் 16 இன்ச். 5 அடியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும் படத்தில், 12 அடியிலிருந்து பார்ப்பவருக்குக் கிடைப்பது பாதிக்கும் குறைவு. ஒரே டிவி, ஒரே இன்ச். ஆனா அம்மா பார்த்த டிவி சின்ன டிவி. அந்த டிவி வாங்கிய கடனை அடைத்தது அவங்க அப்பா.

அரிசி ட்ரம் மேல் 14 இன்ச்

2006 தேர்தலில் இலவசக் கலர் டிவி வாக்குறுதி வந்தது, உங்களுக்குத் தெரியும். அந்த வருஷம் செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் திட்டம் தொடங்கியது. 14 இன்ச் கலர் டிவி. கிண்டல் நிறைய, வழக்கும் போட்டார்கள். சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் 2013ல் உச்ச நீதிமன்றம், தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி கொடுப்பது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று சொன்னது. அந்த அரசியல் விவாதம் இன்னும் முடியவில்லை. அதுக்குத் தனி எபிசோடே போடணும்.

நான் சொல்ல வந்தது வீட்டுக்குள்ளே நடந்தது. சைஸை அரசாங்கமே முடிவு பண்ணிவிட்டதால், எத்தனை இன்ச் என்று எந்தக் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கவில்லை. எங்க தெருவுக்கு வந்தபோது எனக்கு 14 வயசு. எங்க வீட்டுக்கு வந்த செட்டை அம்மா நேரா சமையலறைக்குத் தூக்கிட்டுப் போனாங்க. அரிசி ட்ரம் மேல ஒரு பலகை, அதுக்கு மேல டிவி. கேபிள்காரரிடம் தனியாகப் பேசி ஒயர் இழுத்துக்கிட்டாங்க. அவங்க வாழ்க்கையில் ரெண்டு அடி தூரத்தில், முகத்துக்கு நேரா டிவி பார்த்தது அப்பதான். சின்ன டிவி, ஆனா அவங்க கண்ணுக்கு ஹால் டிவியை விடப் பெருசு.

சண்டை நின்றது. ஹாலில் அம்மா உட்காருவதும் நின்றது. அமெரிக்கக் குடும்பங்கள் இரண்டாவது டிவியில் கண்ட சமாதானம் இதுதான்.

தரை தந்த எல்லை

பழைய டிவிக்கு ஒரு இயற்கையான எல்லை இருந்தது. படக்குழாய்க்குள்ளே வெற்றிடம். திரை பெருசாகப் பெருசாக, வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தாங்கக் கண்ணாடி தடிமனாகணும், பெட்டி பின்னால் நீளணும். 1989ல் சோனி 43 இன்ச் அளவில் படக்குழாய் டிவி ஒன்றைச் செய்தது. எடை சுமார் 200 கிலோ. எந்த வீட்டிலும் அதைப் பற்றிப் பேச்சு ரொம்ப நேரம் நீடித்திருக்காது.

தட்டையான திரை வந்து சுவரில் தொங்க ஆரம்பித்ததும் அந்த எல்லை போய்விட்டது. தரையில் இடம் வேண்டாம், தூக்க நாலு ஆள் வேண்டாம், இஎம்ஐ இருக்கு. இப்போ 43 இன்ச் டிவியை ஒரே ஆள் தூக்கிவிடலாம். அரசாங்கம் மட்டும் ஒரு கோடு போட்டு வைத்திருந்தது. 2019லிருந்து 32 இன்ச் வரை 18 சதவீதம் ஜிஎஸ்டி, அதுக்கு மேல் 28. அதாவது 32க்கு மேல் ஆடம்பரம். 2025 செப்டம்பர் 22 முதல் அந்தக் கோடும் அழிந்தது, ரெண்டுக்கும் 18. இனிமேல் எவ்வளவு பெருசு என்பதை முடிவு பண்ண வேண்டியது வீட்டில் இருக்கும் ரெண்டு பேர் மட்டும்தான். நாங்க ஷோரூமில் கத்திக்கிட்டு நின்னதுக்கு இதுவும் ஒரு காரணம்.

மறுபடி வேளச்சேரி

அன்னைக்கு ராத்திரி, வாங்காமல் திரும்பி வந்தோம். எதுக்கு இவ்வளவு எதிர்ப்புன்னு கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னார்: “எங்க அப்பா வேலையிலிருந்து ஏழு மணிக்கு வருவாரு. பதினோரு மணி வரைக்கும் டிவி. எனக்கு அவர் முகத்தை விட முதுகுதான் நல்லா ஞாபகம் இருக்கு. சுவர் பூரா டிவி இருந்தா நானும் அப்படி ஆயிடுவேனோன்னு இருக்கு.”

இதை மூணு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவர் என்கிட்ட சொன்னதே இல்லை.

அப்புறம் அவர் திருப்பிக் கேட்டார், “உனக்கு எதுக்கு 55?” நான் காரணம் சொன்னேன். போன வருஷம் அப்பா தவறிவிட்டார். தையிலிருந்து அம்மா எங்களோடு இருக்காங்க. சோபா காலியா இருந்தாலும் சமையலறை வாசல் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில்தான் உட்காருவாங்க. கண்ணைச் சுருக்கிக்கிட்டுப் பார்ப்பாங்க. அங்கிருந்து நல்லா தெரியணும்னா பெரிய டிவி வேணும். இதுதான் என் கணக்கு.

அவர் கேட்டார்: “அத்தை ஏன் அங்க உக்காரணும்?”

என்கிட்ட பதில் இல்லை. அம்மாவை அந்த ஓரத்திலேயே வைத்துக்கொண்டு, அதுக்கு ஏத்த மாதிரி ஸ்க்ரீனைப் பெருசாக்கப் பார்த்தேன். அந்த சேல்ஸ்மேன் மேல எனக்கு இருந்த கோபம் அதோட போச்சு. அவர் என்னைக் கேட்காத மாதிரி, நானும் அம்மாவைக் கேட்கவே இல்லை.

மறுநாள் காலையில் கேட்டோம். அம்மா சொன்னாங்க: “சோபா பள்ளமா இருக்கு, உக்காந்தா முட்டி வலியில எழுந்திருக்க முடியல. நாற்காலிய முன்னாடி இழுத்துப் போடலாம், உங்க ரெண்டு பேருக்கும் மறைக்குமேன்னு பாத்தேன்.”

அன்னைக்கே சுவரில் மாஸ்கிங் டேப் ஒட்டினோம். 55க்கு அகலம் 122 சென்டிமீட்டர், உயரம் 69. 43க்கு அகலம் 95. தூரத்தையும் அளந்தோம். ஏழரை அடியிலிருந்து 55 பார்ப்பதும், ஆறடியிலிருந்து 43 பார்ப்பதும் கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒண்ணுதான். சோபாவை ஒன்றரை அடி முன்னாடி இழுத்தால் அந்த 12 இன்ச் வந்துவிடுகிறது, காசில்லாமல்.

ஆக, 43 வாங்கினோம். மிச்சப் பணத்தில் அம்மாவுக்குக் கைப்பிடி வைத்த, உயரமான மர நாற்காலி ஒன்று. அதைச் சோபாவுக்கு வலது பக்கம், ஒரே வரிசையில் போட்டோம். சாப்பிடும்போது டிவி ஆஃப் என்பது என் ஹஸ்பண்ட் போட்ட கண்டிஷன். அம்மா சரின்னு தலையாட்டினாங்க. முதல் வாரமே, சீரியல் நேரத்துக்குள்ள சாப்பாட்டை முடிக்கணும்னு எங்களை அவசரப்படுத்த ஆரம்பிச்சுட்டாங்க. ரிமோட் இப்போ அந்த மர நாற்காலிக் கைப்பிடியில் இருக்கு.

உங்க கிட்ட ஒரே ஒரு கேள்வி. நீங்க சின்ன வயசா இருந்தப்போ, உங்க வீட்டு ஹாலில் அம்மா எங்க உட்கார்ந்து டிவி பார்த்தாங்க? அம்மாகிட்டயே கேட்டு, ஒரு நிமிஷ வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சிலதைச் சேர்ந்து கேட்போம். அதுவரைக்கும், பை மக்களே.